சேபருக்கு 'ஒருகருக்கு வாள்': கசார் படைக்கலங்களை முன்வைத்து

அன்பர்களுக்கு வணக்கம்.

சேபர் (sabre) என்னும் வாள்வகைக்குத் தமிழ்ப்பெயராக இதுவரை வந்துள்ள 'வளைவாள்', 'கொடுவாள்' என்னும் இரு பரிந்துரைகளையும் கசார்களின் காலத்துப் படைக்கலங்களோடு ஒப்பிட்டால் இரண்டுமே பொருந்தவில்லை. வோல்கா, தோன் ஆறுகளை ஒட்டிய புல்வெளியை ஏழாம் நூற்றாண்டு முதல் ஆண்ட கசார்கள், 965இல் கீவ் அரசன் ஸ்வியத்தோஸ்லாவ் சார்க்கெல் கோட்டையை வீழ்த்தியபின் படிப்படியாக வரலாற்றிலிருந்து மறைந்தனர். அக்கோட்டை இருந்த இடமே 1952 முதல் சிம்லியான்ஸ்க் நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கிறது. எனவே ஆயுதங்களைத் தேடுவோர் பெரிதும் நம்பியிருப்பது, கார்கிவ் அருகே வெர்க்னி சால்திவ் போன்ற இடங்களின் கல்லறைகளையே. அங்குள்ள நிலவறைக் கல்லறைகள் கசார் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அலான்கள் என்னும் மற்றோர் இனத்தாருடையவை என்பதே பெரும்பாலோர் கருத்தாகையால், 'கசார் வாள்' என்று இனப்பெயரால் அழைப்பதும் தவறாகிவிடும்.

அக்கால வாள்களில் வளைவு மிகச் சிறிது. பிடிதான் கூரான பக்கம் நோக்கிச் சாய்ந்திருக்கும். 'வளைவாள்' என்று எழுதினால் படிப்பவர் பிற்காலத் துருக்கிய வாளைத்தான் நினைப்பார். (தலைப்பில் தனியே நின்றால் அது பெண்பால் வினைமுற்றாகவும் ஒலிக்கும்.) கொடுவாளின் சிக்கல் இன்னும் பெரிது: விறகு வெட்டும் கொடுவாளுக்குக் கூர் வளைவின் உட்புறத்தில் இருக்கிறது, சேபருக்கோ வெளிப்புறத்தில்.

ஆகவே வளைவை விட்டுக் கூரைப் பற்றிக்கொள்ளலாம். பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தொகுக்கப்பட்ட கீவ் ஆண்டுவரலாறு ஒரு கதை சொல்கிறது. கசார்கள் திறை கேட்டபோது, கீவ்ப் பகுதியில் வாழ்ந்த ஸ்லாவிய இனக்குழுவான பொலியானியர் வீட்டுக்கு ஒரு வாள் கொடுத்தார்களாம். அதைக் கண்ட கசார் முதியவர்கள், நாம் வென்றது ஒருபுறம் மட்டும் கூரான ஆயுதத்தால், இவர்களுடையதோ இருபுறமும் கூரானது, நாளை இவர்களே நம்மிடம் திறை வாங்குவார்கள் என்று அஞ்சினார்களாம். பின்னாளில் புனையப்பட்டதாகவே இருக்கலாம். ஆயினும் இரு தரப்பு ஆயுதங்களையும் வேறுபடுத்த அக்காலத்தார் கண்ட அடையாளம் வளைவன்று, கூர்தான்.

'இருமுனைக் கத்தி' என்று நாம் தவறாக எழுதிவருகிறோம். முனை என்பது நுனியைத்தான் குறிக்கும். தமிழ் விவிலியத்தின் 'இருபுறமும் கருக்குள்ள பட்டயம்' என்னும் தொடரில் கூரான விளிம்பைக் குறிக்கும் 'கருக்கு' என்னும் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது. கருக்கரிவாள் என்றால் பல் வைத்த அரிவாள் ஆயிற்றே என்று மறுக்கலாம்; விவிலிய வழக்கில் பல் இல்லாத கூரும் கருக்குத்தான் என்பதால் அம்மறுப்பு நிற்காது.

எனவே சேபர் 'ஒருகருக்கு வாள்', ஐரோப்பியரின் பழைய வாள் 'இருகருக்கு வாள்'. புல்வெளி நாடோடிகளான அவார்கள் ஏந்திய பலாஷ் என்னும் நேரான வாளுக்கும் ஒரு கருக்கே என்பதால், அதை 'ஒருகருக்கு நேர்வாள்' என்று பிரித்துவிடலாம்.

எஞ்சுவது ஒரு நுணுக்கம். பல தொடக்ககாலச் சேபர்களில் நுனியை ஒட்டிய சிறு பகுதியில் மட்டும் முதுகும் தீட்டப்பட்டிருக்கும். வியன்னாவில் உள்ள, பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் பெயரைத் தாங்கினாலும் அவர் மறைந்தபின் செய்யப்பட்டதாகக் கருதப்படும் வாளிலும் இதைக் காணலாம். அப்பகுதியை 'முதுகுக் கருக்கு' என்று குறித்தால் 'ஒருகருக்கு' என்னும் பெயரோடு மோதாது. இதைவிடச் சுருக்கமான சொல் கிடைத்தால் மாற்றிக்கொள்ள எனக்குத் தடையில்லை.