மலைப்பாதையில் பேட்டரி டவுன் ஆனால்: ஜம்ப் ஸ்டார்ட்டர் வாங்கி வைக்கலாமா?

மலைரோட்டு டீச்சர்:

வணக்கம். வால்பாறையில் அரசுப் பள்ளியில் வேலை, வீடு பொள்ளாச்சியில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் இறங்கி, ஞாயிறு மதியத்துக்கு மேல் ஏறுவேன். மற்ற நாளெல்லாம் கார் குவார்ட்டர்ஸ் வாசலிலேயே நிற்கும். 1.2 லிட்டர் பெட்ரோல், ஏஎம்டி கியர் (கிளட்ச் மிதிக்காமல் தானாக மாறுவது). வண்டியோடு வந்த பேட்டரிதான், நாலாவது வருஷம் ஓடுகிறது.

போன மாதம் அட்டகட்டிக்கு மேலே ஓரமாக நிறுத்திப் பையனுக்குச் சாப்பாடு ஊட்டினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, நாலு இண்டிகேட்டரும் எரிந்துகொண்டிருந்தது. கிளம்பலாம் என்று பார்த்தால் டக் டக் என்று சத்தம் மட்டும் வருகிறது, செல்ஃப் எடுக்கவில்லை. போனில் சிக்னல் இல்லை. எஸ்டேட் ஜீப்பில் வந்த டிரைவர் அண்ணா ஒருவர் கேபிள் போட்டு எடுத்துக் கொடுத்தார். இருட்டினால் யானை வரும் இடம் அது. அடுத்த முறையும் ஒரு ஜீப் வரும் என்று நம்பிச் சின்னப் பையனோடு அங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

பவர் பேங்க் மாதிரி கையடக்கமாக வரும் ஜம்ப் ஸ்டார்ட்டரை வாங்கலாம் என்று இருக்கிறேன். 1000 ஆம்பியர், 2000 ஆம்பியர் என்று போடுகிறார்கள். என் காருக்கு எது போதும்? வேறு வண்டியே இல்லாமல், நான் தனியாக ஸ்டார்ட் பண்ண முடியுமா? காருக்குள் வைத்திருப்பது பாதுகாப்பா?

கோத்தகிரி ராஜா:

கண்டிப்பாக வாங்குங்கள் டீச்சர். நல்ல கேபிள் இருந்தாலும் பக்கத்தில் இன்னொரு வண்டி வேண்டுமே. அதுவும் ஏஎம்டி. சாதா கியர் வண்டி என்றால் நாலு பேர் தள்ளினால் செகண்ட் கியரில் எடுத்துவிடலாம். ஏஎம்டியில் அதற்கு வழி இல்லை. கியரில் போட்டு நிறுத்தியிருந்தால், பேட்டரி போன பிறகு நியூட்ரலுக்கே வராது.

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்:

வணக்கம் டீச்சர். ரொம்ப வருஷமாக இந்த வேலைதான் செய்கிறேன். வால்பாறை ரோட்டில் நின்றுபோன வண்டிக்கு நடுராத்திரியிலும் பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறேன். அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

தாராளமாக வாங்கலாம். தனியாகவே ஸ்டார்ட் பண்ணலாம், இன்னொரு வண்டி வேண்டாம். ஆனால் அட்டையில் போட்டிருக்கும் 2000 ஆம்பியரைப் பார்த்து வாங்காதீர்கள். அது 'பீக்', கண் இமைக்கும் நேரத்துக்கு வரும் கணக்கு. செல்ஃப் மோட்டார் சுற்றும் அந்த இரண்டு மூன்று விநாடியும் விடாமல் எவ்வளவு கொடுக்கும் என்பதைப் பாருங்கள். 'ஸ்டார்ட்டிங் கரண்ட்' அல்லது 'கிராங்கிங் கரண்ட்' என்று தனியாகப் போட்டிருப்பார்கள். உங்கள் 1.2 பெட்ரோலுக்கு ஏறக்குறைய 150 ஆம்பியர் நிலையாக வந்தால் இன்ஜின் எடுத்துவிடும். 300 என்று போட்ட பெட்டியை வாங்கினால் பழசான பிறகும் கை கொடுக்கும். டீசலுக்கு இது போதாது. கம்ப்ரஷன் அதிகம், ஹீட்டர் பிளக்கும் கரண்ட் இழுக்கும்.

எம்ஏஹெச் (மில்லி ஆம்பியர் அவர்), அதாவது எவ்வளவு சார்ஜ் கொள்ளும் என்ற கணக்கும் அப்படித்தான். 10,000 என்று போட்டிருப்பார்கள். உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு அது, 37 வாட் அவர் வரும். 12 வோல்ட்டுக்கு மாற்றினால் 3 ஆம்பியர் அவர்தான். உங்கள் கார் பேட்டரியோ 35 ஆம்பியர் அவர் அளவில் இருக்கும். ஆக, இந்தப் பெட்டி இன்ஜினை எழுப்பும், பேட்டரியை நிரப்பாது. நிரப்புவது, இன்ஜின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் வேலை. வண்டி எடுத்ததும் ஒரு பர்லாங் ஓட்டிவிட்டு அணைத்தால் மறுபடியும் அதே கதைதான். ஏசியும் ஹெட்லைட்டும் தேவையில்லாமல் ஓடாமல் ஒரு மணி நேரமாவது ஓட்டுங்கள், அப்புறம் வீட்டில் சார்ஜரில் போடுங்கள்.

மாட்டும் முறை சுலபம், ஆனால் வரிசை மாறக்கூடாது. லைட், பாட்டு, ஏசி எல்லாம் ஆஃப். சிவப்பு கிளிப் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்பு கிளிப்பை மைனஸில் போடாமல், இன்ஜினில் பெயின்ட் இல்லாத கெட்டியான இரும்பில் எங்காவது பிடியுங்கள். மைனஸ் முனையில் சென்சார் வைத்த வண்டிகள் இப்போது நிறைய. அதன் மேல் கிளிப் போடக்கூடாது. பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் கேஸ் வரும், அதன் பக்கத்தில் தீப்பொறி தெறிக்காமல் இருப்பதும் நல்லது. கடைசியாக வயரைப் பெட்டியில் சொருகுங்கள். பச்சை லைட் எரிந்தால் ஸ்டார்ட் அடியுங்கள், மூன்று விநாடிக்கு மேல் பிடிக்காதீர்கள். எடுக்கவில்லையா, அரை நிமிஷமாவது பொறுத்து மறுபடியும். இன்ஜின் எடுத்ததும் பெட்டியைக் கழற்றிவிடுங்கள். ஆல்டர்னேட்டரின் 14 வோல்ட் லித்தியம் செல்லுக்குள் ஏறக்கூடாது.

'பூஸ்ட்' என்று ஒரு பட்டன் இருக்கும். பேட்டரி அடியோடு செத்திருந்தால் பெட்டிக்கு எதிரே பேட்டரி இருப்பதே தெரியாது, பச்சை லைட்டும் வராது. அப்போதைக்கான பட்டன் அது. அதை அழுத்தினால் பல மாடல்களில் பாதுகாப்பு எல்லாம் ஆஃப் ஆகிவிடும். பிளஸ் மைனஸ் மாறியிருந்தால் தடுக்க ஆள் இல்லை. டார்ச் அடித்து இரண்டு கிளிப்பையும் பார்த்துவிட்டுத் தொடுங்கள்.

இவ்வளவு சொன்னாலும் என் கவலை உங்கள் பேட்டரி மேல்தான். கொஞ்ச நேரம் பாட்டும் இண்டிகேட்டரும் ஓடியதற்கு நல்ல பேட்டரி படுக்காது. வண்டியில் டாஷ்கேம் (ரோட்டைப் பதிவு பண்ணும் கேமரா), ஜிபிஎஸ் என்று தனியாக ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா?

மலைரோட்டு டீச்சர்:

ரொம்ப நன்றி அண்ணா. ஆமாம், டாஷ்கேம் இருக்கிறது. வண்டி நிற்கும்போதும் பதிவாகும் மாதிரி நேராக ஃபியூஸ் பெட்டியில் இணைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் காரணமா?

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்:

பாதிக்கு மேல் அதுவாகத்தான் இருக்கும். அந்த கேமரா கால் ஆம்பியர் இழுக்கிறது என்று வையுங்கள். 24 மணி நேரத்தில் 6 ஆம்பியர் அவர். திங்களிலிருந்து வெள்ளி வரை நின்றால் 30. புது பேட்டரியே தாங்காது, உங்களுடையது நாலாவது வருஷம். கேமராவில் வோல்ட் குறைந்தால் தானாக நிற்கும் வசதி இருக்கும், அதை 12.2 வோல்ட்டுக்கு மேலே வைக்கச் சொல்லுங்கள். குவார்ட்டர்ஸில் வண்டி பத்திரமாக நிற்கிறது என்றால் பார்க்கிங் பதிவே வேண்டாம்.

இந்த வாரம் இறங்கும்போது கடைக்கு வாங்க, அல்லது ஒரு மல்டிமீட்டர் வாங்கி நீங்களே பாருங்கள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் 12.6 காட்டினால் நிறைவு. 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. ஸ்டார்ட் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்றிவிடுங்கள், பெட்டியை நம்பி இழுக்க வேண்டாம். இன்ஜின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4 வந்தால் ஆல்டர்னேட்டர் சரி. சில புது வண்டிகளில் அது கூடும் குறையும், பயப்பட வேண்டாம். கோடை விடுமுறையில் மாதக்கணக்கில் நிறுத்துவதானால் 10-ஆம் நம்பர் ஸ்பேனரால் மைனஸைக் கழற்றிவிட்டால் போதும்.

கேசிஎம் டிராவல்ஸ்:

அண்ணன் எல்லாம் சொல்லிவிட்டார். பெட்டியை வைக்கும் இடம் பற்றி மட்டும் சொல்கிறேன் சகோதரி. டிக்கியில் வைக்காதீர்கள். பட்டனில் திறக்கும் டிக்கி என்றால் பேட்டரி போனதும் அதுவும் திறக்காது. ரிமோட்டும் வேலை செய்யாது, அதனால் ரிமோட்டுக்குள் இருக்கும் சாவியால் டிரைவர் கதவைத் திறந்து பழகிக்கொள்ளுங்கள். பெட்டி முன் சீட்டுக்கு அடியில், துணியில் சுற்றி இருக்கட்டும். வால்பாறைக் குளிரில் கவலை இல்லை. பொள்ளாச்சியிலோ கோவையிலோ மதிய வெயிலில் வண்டியை நிறுத்தினால் பெட்டியைக் கையோடு எடுத்துக்கொண்டு இறங்குங்கள். கண்ணாடி மூடிய வண்டிக்குள் 60 டிகிரி சர்வசாதாரணம், லித்தியம் அதில் வெந்துவிடும். உப்பிக்கொண்டால் மறுபடி சார்ஜ் போடவே கூடாது, மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

காற்றடிக்கும் பம்பும் சேர்ந்து வரும் மாடலை எங்கள் டிரைவர்களுக்கு நான் வாங்கிக் கொடுப்பதில்லை. டயருக்குக் காற்று அடித்தே சார்ஜ் இறங்கிவிடுகிறது.

மலைரோட்டு டீச்சர்:

டிக்கியில்தான் வைக்க நினைத்திருந்தேன், நல்லவேளை கேட்டேன். சனிக்கிழமை காலையில் கடைக்கு வருகிறேன் அண்ணா. பெட்டிக்கு எத்தனை நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும்?

பொள்ளாச்சி ஆட்டோ எலக்ட்ரிக்:

மூன்று மாதத்துக்கு ஒருமுறை என்று போட்டிருப்பார்கள். நீங்கள் மாதா மாதம் சம்பளம் வரும் நாளில் போட்டுவிடுங்கள், மறக்காது. பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். சனிக்கிழமை பெட்டியையும் கொண்டு வாங்க. பேட்டரியைப் பார்த்த கையோடு, உங்கள் பானெட்டில் கறுப்பு கிளிப்பை எங்கே பிடிப்பது என்று காட்டி, உங்களையே ஒரு முறை மாட்ட வைத்து அனுப்புகிறேன்.