காஸ்பேஸ்-3 ஆன்டிபாடி: 35-இல் பேண்ட் வருகிறது, 17-இல் ஒன்றுமே இல்லை. உதவுங்கள்

கேட்டவர்:
வணக்கம். மூன்று வாரமாக ஒரே வெஸ்டர்ன் பிளாட்டோடு (புரதங்களை ஜெல்லில் அளவுவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடியால் தேடும் சோதனை) மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். பார்க்க வேண்டியது மனிதக் காஸ்பேஸ்-3, செல் தன்னைத்தானே சாகடித்துக்கொள்ளும்போது வெட்டுப்பட்டு வேலையைத் தொடங்கும் என்சைம். கையில் இருப்பது முழுப் புரதத்தையும் முயலுக்குச் செலுத்தி எடுத்த பாலிகுளோனல் ஆன்டிபாடி. செல்களைச் சாகத் தூண்ட 1 மைக்ரோமோலார் ஸ்டாரோஸ்போரின் மருந்து, 8 மணி நேரம். லேனுக்கு 30 மைக்ரோகிராம் லைசேட் (செல்களை உடைத்து எடுத்த புரதக் கரைசல்), 12% ஜெல், 0.45 மைக்ரான் மெம்பரேன், 5% பால் பவுடரில் பிளாக்கிங், பிரைமரி 1:1000.

35 கிலோடால்டன் பக்கத்தில் அழகாக ஒரு பேண்ட். அதுதான் வெட்டுப்படாத புரோகாஸ்பேஸ்-3 என்று எடுத்துக்கொண்டேன். மருந்து போட்டாலும் போடாவிட்டாலும் அதன் அடர்த்தி மாறவில்லை. வெட்டுப்பட்டால் வர வேண்டிய 17, 19 இரண்டும் இல்லை. ஆனால் செல்கள் கழன்று மிதப்பதைக் கண்ணால் பார்க்கிறேன். ஆன்டிபாடி கெட்டுவிட்டதா?

மறுமொழி 1:
கெட்டிருந்தால் 35-உம் வந்திருக்காதே. 17 கிலோடால்டன் சின்னப் புரதம்; 0.45 மைக்ரான் மெம்பரேனைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். 0.2 மைக்ரானுக்கு மாறுங்கள், ஜெல்லை 15% ஆக்குங்கள், டிரான்ஸ்ஃபர் நேரத்தைக் குறையுங்கள்.

இன்னொன்று. மிதக்கிற செல்களை என்ன செய்கிறீர்கள்? மீடியாவோடு கொட்டிவிட்டுத் தட்டில் ஒட்டியிருப்பதை மட்டும் சுரண்டினால், செத்ததைக் குப்பையில் போட்டுவிட்டு உயிரோடு இருப்பதைச் சோதிக்கிறீர்கள் என்று அர்த்தம். நானும் ஒரு வருடம் அதைச் செய்திருக்கிறேன்.

கேட்டவர்:
மிதப்பவற்றையும் சேர்த்துத்தான் எடுக்கிறேன். நீங்கள் சொன்னபடி 0.2 மைக்ரான், 15% ஜெல்லில் ஓட்டிப் பார்த்துவிட்டேன். லேடரில் (அளவு தெரிந்த புரதக் கலவை) 10, 15 இரண்டும் மெம்பரேனில் தெளிவாக ஏறியிருக்கின்றன. 17 இன்னும் இல்லை. செகண்டரி (பிரைமரி ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைக் காட்டும் இரண்டாம் ஆன்டிபாடி) மட்டும் போட்ட பிளாட்டில் எதுவும் வரவில்லை.

மறுமொழி 2:
எல்லாம் சொன்னீர்கள், எந்த செல் என்று சொல்லவே இல்லையே?

கேட்டவர்:
மன்னிக்கவும். எம்சிஎஃப்-7, மார்பகப் புற்றுநோய் செல்.

மறுமொழி 2:
அதானே பார்த்தேன்! எம்சிஎஃப்-7-இல் காஸ்பேஸ்-3 கிடையாது. அந்த செல்களில் காஸ்பேஸ்-3 ஜீனின் மூன்றாவது எக்ஸானில் 47 பேஸ் விழுந்துபோயிருக்கிறது, அதனால் புரதமே உருவாவதில்லை. 1998-இலேயே வெளிவந்த விஷயம். ஸ்டாரோஸ்போரின் கொடுத்தால் இந்த செல்கள் சாகும். ஆனால் டிஎன்ஏ ஏணிப்படி போல துண்டாகாது. அந்த ஜீனைத் திரும்ப ஏற்றினால் துண்டாகும்.

நீங்கள் 17 வரவில்லையே என்று தேடுகிறீர்கள். எனக்கு 35 வந்ததுதான் கவலை. என்சைமே இல்லாத செல்லில் அந்த ஆன்டிபாடி எதைப் பிடித்தது?

கேட்டவர்:
தலை சுற்றுகிறது. போன மாத லேப் மீட்டிங்கில் அந்த 35-ஐக் காட்டித்தான் "காஸ்பேஸ்-3 இருக்கிறது" என்று பேசினேன். அப்படியானால் அது என்ன?

மறுமொழி 3:
முதல் சந்தேகம் காஸ்பேஸ்-7, அதே குடும்பத்து என்சைம். அதன் புரோ வடிவமும் 35 பக்கம்தான் ஓடும். வரிசையில் பாதிக்கு மேல் காஸ்பேஸ்-3 மாதிரியே இருக்கும். முழுப் புரதத்துக்கு எதிரான பாலிகுளோனல் என்பது ஒரே ஆன்டிபாடி இல்லை, ஒரு கூட்டம். அதில் சிலது இரண்டுக்கும் பொதுவான இடத்தில் ஒட்டலாம்.

ஆனால் நீங்களே சொன்னீர்கள், மருந்து போட்டும் 35 குறையவில்லை என்று. புரோகாஸ்பேஸ்-7 என்றால் வெட்டுப்பட்டுக் குறைய வேண்டும், 20 பக்கம் துண்டு தெரிந்தாலும் தெரியும். அதனால் சம்பந்தமே இல்லாத வேறு புரதமாகவும் இருக்கலாம். பார்ப்-1 என்ற புரதத்துக்கு ஒரு பிளாட் போடுங்கள். எம்சிஎஃப்-7-இலும் காஸ்பேஸ்-7 அதை 116-இலிருந்து 89-ஆக வெட்டும். 89 நன்றாக வந்தும் உங்கள் 35 அசையாமல் இருந்தால் காஸ்பேஸ்-7 மேல் சந்தேகம் குறைகிறது.

பாசிட்டிவ் கண்ட்ரோலுக்கு காஸ்பேஸ்-3 உள்ள ஜுர்காட் செல். ஸ்டாரோஸ்போரின் 4 மணி நேரம் போதும். எம்சிஎஃப்-7-ஐ விட்டுவிடாதீர்கள், ஆளாளுக்கு ஜீனை நாக்அவுட் செய்ய (செயலிழக்க வைக்க) காசு கொட்டுகிறார்கள், உங்களுக்கு இயற்கையே நெகட்டிவ் கண்ட்ரோல் கொடுத்திருக்கிறது.

மறுமொழி 1:
டியூபில் லாட் எண்ணையும் பாருங்கள். பாலிகுளோனலில் கேட்டலாக் எண் ஒன்றாக இருந்தாலும் லாட் மாறினால் முயல் மாறியிருக்கலாம். எங்கள் லேபில் பழைய லாட்டில் ஒரே பேண்ட், புது லாட்டில் ஐந்து. அந்த முயலைத் திரும்பக் கூப்பிடவா முடியும்? 1:1000-இலிருந்து 1:5000 வரை நீர்த்துப் பாருங்கள். உண்மையான இலக்கை விட மற்றவை சீக்கிரம் மங்கும், பெரும்பாலும்.

கேட்டவர்:
பத்து நாள் கழித்து வருகிறேன். ஜுர்காட்டில் 35 குறைந்து 17, 19 இரண்டும் வந்துவிட்டன. அதே மெம்பரேனில் எம்சிஎஃப்-7-இன் 35 மட்டும் கல் மாதிரி அப்படியே. பார்ப்-1-இல் 89 நன்றாகவே தெரிகிறது. 1:4000-இல் ஜுர்காட் பேண்டுகள் நிற்கின்றன, எம்சிஎஃப்-7-இன் 35 கிட்டத்தட்ட மறைந்துவிட்டது.

வழிகாட்டியிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, பழைய ஸ்லைடை எடுத்துவிடச் சொன்னார். காஸ்பேஸ்-7-ஐ உறுதியாக விலக்க, ஒரே இடத்தில் மட்டும் ஒட்டும் மோனோகுளோனல் ஆன்டிபாடி ஒன்று ஆர்டர் போட்டிருக்கிறேன். வர ஆறு வாரம் ஆகுமாம்.