பெர்செபொனி பாதாளத்தில் இருந்தது நான்கு மாதமா, ஆறு மாதமா?

கேள்வி:
என் மகளுக்குக் கிரேக்கக் கதை ஒன்றைப் படித்துக் காட்டினேன். பாதாள அரசன் ஹேடிஸ் கவர்ந்து சென்ற பெர்செபொனி அங்கே ஆறு மாதுளை முத்துகளைத் தின்றதால் ஆண்டுதோறும் ஆறு மாதம் அவனிடம் தங்க நேர்ந்தது என்றும், தானியத் தெய்வமான தாய் டிமீட்டர் மகளைப் பிரிந்து வருந்தும் அந்த ஆறு மாதமே குளிர்காலம் என்றும் அந்நூல் சொல்கிறது. இன்னொரு நூலிலோ நான்கு முத்து, நான்கு மாதம் என்றிருக்கிறது. மூலத்தில் இருப்பது எது? பழம் முழுவதையும் தின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மகள் கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை.

முதல் பதில்:
முத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கே பழைய நூல்களில் இல்லை. இக்கதையை விரிவாகச் சொல்லும் மிகப் பழைய நூல், ஹோமரின் பெயரால் வழங்கும் டிமீட்டர் துதிப்பாடல், ஏறத்தாழ கி.மு. 7 அல்லது 6ஆம் நூற்றாண்டினது. (பாடலை ஏறக்குறைய முழுதாகத் தரும் ஒரே கையெழுத்துப்படி 1777இல்தான் மாஸ்கோவில் அகப்பட்டது.) அதில் ஹேடிஸ் ஊட்டுவது ஒரே ஒரு முத்து, பாதாள வாசமோ ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு. ரோமானியக் கவிஞர் ஓவிட் ஒரு நூலில் ஏழு முத்து என்றும் மற்றொன்றில் மூன்று என்றும் பாடுகிறார். ஆனால் இரண்டிலும் ஆண்டு பாதிப் பாதியாகவே பிரிகிறது. ஆக, உங்கள் மகளுக்குச் சொல்லவேண்டிய பதில் இதுதான்: பாதாளத்து உணவில் ஒரு முத்து நாவில் பட்டாலே போதும், முழுப் பழம் வேண்டியதில்லை.

இரண்டாம் பதில்:
எண்ணிக்கையைவிட, அந்த மாதங்கள் எவை என்பதே எனக்குச் சுவையான கேள்வி. கிரேக்க நாட்டில் குளிர்காலம் மழைக்காலம். அக்டோபர், நவம்பரில் மழை தொடங்கியதும் விதைத்த வாற்கோதுமை குளிரிலேயே முளைத்துப் பச்சை கட்டி, மே மாத வாக்கில் அறுவடைக்கு வந்துவிடும். அதன்பின் மழையே இல்லாத கோடையில்தான் வயல் வெடித்துக் கிடக்கும், தானியமோ களஞ்சியத்தில் அடைந்திருக்கும். ஆகவே பெர்செபொனி மறைந்திருப்பது கோடையில் என்றும், அவளே நிலத்தடியில் சேமித்த விதைத் தானியம் என்றும் நில்சன் முதலிய அறிஞர்கள் வாதிட்டனர். அக்டோபர் விதைப்பை ஒட்டிப் பெண்கள் டிமீட்டருக்கு எடுத்த தெஸ்மோபோரியா விழாவும் இதற்கு இசைந்தே வருகிறது. பழங்கிரேக்கக் கவிஞர் ஹெசியடும், நாம் கார்த்திகை என்று சொல்லும் விண்மீன்கூட்டம் நாற்பது நாள் மறைந்திருந்து விடியலில் எழும்போது அறுவடையையும், அது விடியலில் மறையும்போது உழவையும் தொடங்கச் சொல்கிறார்.

முதல் பதிலை எழுதியவர்:
வேளாண்மை பற்றிய பகுதியை ஏற்கிறேன்; ஆனால் பாடல் அதற்கு இடம் கொடுக்கவில்லை. வசந்தத்தில் மணமுள்ள மலர்கள் மண்ணெங்கும் பூக்கும்போது நீ இருளிலிருந்து எழுந்து வருவாய் என்று டிமீட்டரே மகளிடம் சொல்கிறாள். கோடைக்குப் பின் திரும்புபவளுக்கு இது பொருந்தாது. மேலும், அந்தப் பாடலில் வரும் பஞ்சம் ஆண்டுதோறும் வரும் பருவமன்று; எலூசிஸ் நகரில் தன் கோயிலுக்குள் டிமீட்டர் முடங்கியிருந்த ஒரே ஓர் ஆண்டில் நேர்ந்தது. எருதுகள் வளைந்த ஏர்களை வீணாக இழுத்தன, வெண்ணிற வாற்கோதுமை வீணாக மண்ணில் விழுந்தது என்று பாடுகிறார் கவிஞர். ஏர் ஓடுகிறது, விதை விழுகிறது, முளைதான் இல்லை. பனியைப் பற்றிய பேச்சே அங்கில்லை.

கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. ஒரே முத்து என்று மகளிடம் சொன்னேன். அப்படியானால் அதைத் துப்பியிருக்கலாமே என்கிறாள்.