மழை விட்டப்புறமும் பேஸ்மென்ட்ல தண்ணி ஊறுது, எங்கேருந்து வருது?

புதுவைவாசி:
ரெயின்போ நகர் பக்கம் அபார்ட்மென்ட், கீழ பார்க்கிங். பெரிய மழைன்னா முழங்கால் அளவு தண்ணி, 2024 பெஞ்சல் புயல்ல பைக்கெல்லாம் முழுகிடுச்சு. பில்டர் ரோட்டு தண்ணிதான்ங்கறாரு, ஆனா ராம்ப் வாசல்ல மணல் மூட்டை அடுக்கியும் வருது, மழை விட்டும் நிக்க மாட்டேங்குது. எப்படி கண்டுபிடிக்கறது?

சைட்_இன்ஜினியர்:
எப்ப வருது, எங்க வருதுன்னு பாருங்க சார், பாதி விடை அதுலயே இருக்கு. மழை பெய்யும்போதே கலங்கலா வந்தா ரோட்டு தண்ணி. தரை ஜாலி வழியா கருப்பா நாத்தத்தோட பொங்கினா சாக்கடை எதிர்த்து வருது, அதுக்கு நான்-ரிட்டர்ன் வால்வு (தண்ணியை ஒரே பக்கமா மட்டும் விடறது) போடணும். மழை விட்டும் செவுரும் தரையும் சேர்ற இடத்துல தெளிவா கசிஞ்சா நிலத்தடி நீர், உங்களது இதுன்னுதான் தோணுது, கடலோரத்துல ஐப்பசி கார்த்திகைல நீர்மட்டம் சர்ருன்னு மேல வந்துடும். பக்கத்துல கிணறு இருந்தா அதோட தண்ணி மட்டம் உங்க பேஸ்மென்ட் தரைக்கு மேலயா கீழயான்னு அளந்து பாருங்க.

மஞ்சக்குப்பம்:
கடலூர்ல எங்க வீட்டுல மழைநீர் சேகரிப்பு குழியை செவுரு ஒட்டியே தோண்டியிருந்தாங்க, மாடித்தண்ணி பூரா அங்க இறங்கி உள்ள வந்துச்சு. குழியை தள்ளி போட்டப்புறம்தான் நின்னுச்சு. ஈபி கேபிள், பைப் நுழையற ஓட்டையையும் பாருங்க.

புதுவைவாசி:
எங்களுதும் செவுரு ஒட்டித்தான் இருக்கு! பெரிய மோட்டார் வச்சு ஒரேயடியா இறைச்சுடலாமா?

சைட்_இன்ஜினியர்:
வேணாம் சார். வெளிய மட்டம் இறங்காம உள்ள காலி பண்ணா கீழேருந்து வர்ற அழுத்தத்துல தரையே விரிசல் விடும். கொஞ்சம் கொஞ்சமா இறைங்க, அதுக்கு முன்னாடி மெயினை ஆஃப் பண்ணாம யாரும் தண்ணில கால் வைக்காதீங்க.