பார்த்த படத்தையே திரும்ப எதற்கு எடுக்கிறார்கள்?

குழித்துறை வாசகன் கேட்டது:

கொஞ்ச நாளாகவே மனதில் கிடக்கிற எரிச்சல், இங்கே கொட்டிவிடுகிறேன். ஒரு மலையாளப் படம் நன்றாக ஓடினால் போதும், தியேட்டரை விட்டுப் போவதற்குள் தமிழ் உரிமையை இன்னார் வாங்கிவிட்டார் என்று செய்தி வந்துவிடுகிறது. கேரள எல்லையை ஒட்டிய நம் குமரி மாவட்டத்து விளவங்கோடு, கல்குளம் பக்கத்து ஆட்களுக்கு இது இன்னும் கடுப்பு. அந்தப் படத்தை நாம் மார்த்தாண்டத்திலோ, பஸ் ஏறி திருவனந்தபுரம் போயோ வந்த வாரமே பார்த்திருப்போம். வீட்டில் பேசி, வசனம் எல்லாம் மனப்பாடமாகி, இரண்டு வருடம் கழித்து அதே கதை, அதே காட்சி, அதே இடத்தில் இடைவேளை, வேறு முகங்களோடு வந்து நிற்கிறது. அதற்கும் டிக்கெட் எடுக்கச் சொல்கிறார்கள்.

'பெங்களூர் டேய்ஸ்' 2014-இல் வந்தது, 2016-இல் 'பெங்களூர் நாட்கள்'. அதில் பார்வதி அதே வேடத்தில் மறுபடியும் நடித்தார். அவ்வளவு நல்ல நடிகையை ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வைத்து என்ன கண்டார்கள்? 'மகேஷின்றெ பிரதிகாரம்' 2016, அதன் தமிழ் 'நிமிர்' 2018. அடி வாங்கிய ஒருவன் திருப்பி அடிக்கும்வரை செருப்பு போடமாட்டேன் என்கிறான், கதை என்று பார்த்தால் அது ஒற்றை வரிதான். அந்தப் படத்தின் உயிர் இடுக்கி மலைச்சரிவிலும், அந்தச் சின்ன ஸ்டூடியோவிலும், கடைத்தெருவில் சும்மா நின்று பேசுகிற ஆட்களிடமும் இருந்தது. அதை அங்கேயே விட்டுவிட்டு வரியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால் கையில் என்ன மிஞ்சும்?

டிவியும் இதே கதைதான். 'சித்தி' 1999 கடைசியில் தொடங்கி 2001 வரை ஓடியது, அந்த நேரத்தில் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்காது. 2020-இல் 'சித்தி 2' என்று வந்தது, கதை வேறு, பெயர் மட்டும் பழையது. பழைய பெயரின்மேல் நமக்கு இருக்கிற பாசத்தை எடுத்து விற்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

எனக்கு மட்டும்தான் இப்படியா? உண்மையிலேயே தேவைப்பட்ட ரீமேக் என்று நீங்கள் எதையாவது சொல்வீர்களா? காரணத்தோடு சொல்லுங்கள்.

தக்கலை தம்பி:

அண்ணன், இந்தப் பேச்சை எடுத்தால் 'மணிச்சித்ரதாழ்' பற்றிச் சொல்லாமல் எப்படி? 1993-இல் வந்த மலையாளப் படம். அதில் வருகிற மாளிகைக் காட்சிகளில் கொஞ்சம் நம் பத்மநாபபுரம் அரண்மனையில் எடுத்தது, மீதி திருப்பூணித்துறை ஹில் பேலஸ். அரண்மனை இருப்பது நம் மாவட்டம், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. அந்தப் படமும் ஏறக்குறைய அப்படித்தான், ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைத்து நிற்கும்.

நாகவல்லி யார்? தஞ்சாவூரிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ் நடனக்காரி. மலையாளத் தறவாட்டில், அதாவது பழைய குடும்ப மாளிகையில், அடைபட்டுச் செத்தவள். அந்த வீட்டுக்கு வந்த மருமகள் கங்கா (ஷோபனா) அவளாக மாறும்போது அந்த வீட்டுக்குள்ளிருந்து திடீரென்று தமிழ் வருகிறது. கேரளத்துக்காரர்களுக்கு அது பயம். இரண்டு மொழியும் காதில் விழுந்து வளர்ந்த நமக்கு அதில் பயத்தோடு வேறு ஒன்றும் சேர்ந்து வரும், அழுகிறவள் நம் வீட்டுப் பெண் மாதிரி இருக்கும். ஷோபனாவுக்குத் தேசிய விருது கிடைத்ததில் ஆச்சரியமே இல்லை.

இதை 2004-இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆக்கினார் பி. வாசு, அவரே 2005-இல் தமிழில் 'சந்திரமுகி' எடுத்தார், 2007-இல் இந்தியில் 'பூல் புலையா'. தமிழ்ப்படத்தில் அந்தப் பெண் தமிழ் பேசினால் வேற்று ஆள் என்று தெரியாதே, அதனால் தெலுங்குக்காரி ஆனாள். இந்தியில் வங்காளி. கதையின் இயந்திரம் ஓடுகிறது, சரி. ஆனால் தஞ்சாவூருக்கும் திருவிதாங்கூருக்கும் நடுவில் இருந்த அந்தப் பழைய உறவு போய்விட்டது. பக்கத்து நாட்டிலிருந்து கலையையும் பெண்ணையும் சேர்த்தே கொண்டுவந்து வீட்டுக்குள் பூட்டி வைத்த தம்புரானின், அந்த வீட்டுத் தலைவனின், அதிகாரம்தான் அந்தக் கதையின் அடியில் கிடப்பது. தமிழில் ரஜினியும் பாட்டும் லகலகவும் முன்னுக்கு வந்தபோது அது பின்னால் போய்விட்டது.

அதோடும் விடவில்லை. 2023-இல் 'சந்திரமுகி 2'. இந்தியில் 'பூல் புலையா' 2022-இல் ஒன்று, 2024-இல் ஒன்று. அவற்றுக்கும் கங்காவுக்கும் என்ன சம்பந்தம் இருக்கிறது?

ஆனால் 2024 ஆகஸ்டில் அசல் படத்தையே சுத்தம் செய்து 4கே-யில் மறுபடி தியேட்டருக்குக் கொண்டுவந்தார்கள் பாருங்கள், அதுதான் சரியான வழி. படம் முதலில் வந்தபோது பிறக்காமலேயே இருந்த பிள்ளைகள் உட்கார்ந்து பார்த்தார்கள். பழைய படத்தின்மேல் மரியாதை இருந்தால் அதைக் காட்டுங்கள், அதன் மேல் ஏறி நிற்காதீர்கள்.

தோவாளை மலர்:

தம்பி சொன்னதை மதிக்கிறேன், ஆனால் நீங்கள் எல்லாரும் மேற்குப் பக்கத்திலிருந்து பேசுகிறீர்கள். குமரி மாவட்டம் என்றால் எல்லாருக்கும் மலையாளம் தெரியும் என்று வெளியூர்க்காரன் நினைக்கிறது போலவே நீங்களும் நினைக்காதீர்கள். தோவாளை, ஆரல்வாய்மொழி, பூதப்பாண்டிப் பக்கம் வந்து பாருங்கள். என் அம்மாவுக்கு மலையாளம் வராது, கீழே ஓடுகிற எழுத்தைப் படித்து முடிக்கும்முன் அது மறைந்துவிடும். 'சந்திரமுகி'யைத்தான் அவர் பார்த்தார், பயந்தார், சிரித்தார். சென்னை சாந்தி தியேட்டரில் அந்தப் படம் 800 நாட்களுக்கு மேல் ஓடியதே, பார்த்த அத்தனை பேரும் ஏமாந்தவர்களா?

கேட்ட கேள்விக்கு என் பதில்: 'பாபநாசம்'. மலையாள 'திருஷ்யம்' 2013 டிசம்பரில் வந்தது, 2015-இல் அதை எடுத்த ஜீத்து ஜோசப்பே தமிழில் எடுத்தார், வசனம் நம் ஜெயமோகன். கதை ஒன்றுதான். ஆனால் அசலின் நாயகன் ஜார்ஜ்குட்டியைத் தூக்கித் தமிழ்ச் சட்டை போட்டு விடவில்லை, சுயம்புலிங்கம் என்கிற ஆளை திருநெல்வேலி மண்ணில் முதலிலிருந்து பிசைந்தார்கள். அவன் கஞ்சத்தனம், பெண்டாட்டியிடம் வழிகிறது, போலீஸ்காரன் முன்னால் கைகட்டுகிற விதம் எல்லாம் அந்த ஊர் ஆளுடையது. கடைசியில் அவன் பேசுகிற இடத்தில் நான் இரண்டு படத்தையும் பார்த்தவள்தான், இரண்டிலும் அழுதேன், இரண்டும் வேறு அழுகை. இதையே சீனத்தில் 2019-இல் எடுத்தபோது கதையைத் தாய்லாந்தில் கொண்டுபோய் வைத்தார்கள். நல்ல கதை ஊர் மாறும், மாறட்டும்.

இன்னொன்று, 'கில்லி'. அது 2003-இல் வந்த தெலுங்கு 'ஒக்கடு'. கர்நூலுக்குப் பதிலாக மதுரை, சார்மினாருக்குப் பதிலாகக் கலங்கரை விளக்கம். 2024 ஏப்ரலில் மறுவெளியீடு வந்தபோது பிள்ளைகள் தியேட்டரில் ஆடிய ஆட்டத்தை யாரும் மறுக்க முடியாது. ரீமேக் என்ற ஒரே காரணத்துக்காக ஒதுக்காதீர்கள், சோம்பேறித்தனமாக எடுப்பதைத் திட்டுங்கள்.

வடசேரி ரீல்பெட்டி:

நான் கொஞ்ச காலம் விநியோகத்தில் வேலை பார்த்தவன், இது ஏன் நிற்கமாட்டேன் என்கிறது என்று உள்ளேயிருந்து தெரிந்ததைச் சொல்கிறேன்.

புதுக்கதையோடு ஒரு பையன் தயாரிப்பாளரிடம் போனால் இரண்டு மணிநேரம் வாயால் சொல்ல வேண்டும். கேட்கிறவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது, பயம்தான் தெரியும். ஓடிய படம் என்றால் போட்டுக் காட்டினால் போதும். கதாநாயகனும் பார்த்துவிட்டு எந்த இடத்தில் கைதட்டு விழும் என்று முன்கூட்டியே தெரிந்துகொண்டு தேதி கொடுத்துவிடுவார். நாயகன் தேதி கிடைத்ததும் டிவி உரிமை, டப்பிங் உரிமை பேசத் தொடங்கலாம், பைனான்ஸும் வரும். படம் நன்றாக வருமா என்கிற கேள்வி இந்த வரிசையில் எங்கேயும் இல்லை, கவனித்தீர்களா? அதுதான் நோய்.

ஆனால் இந்தக் கணக்கு இப்போது உடைந்துகொண்டிருக்கிறது. முன்பு வேறு மொழிப்படத்தைப் பார்க்க வழி இல்லை, ரீமேக்தான் கதையைச் சுமந்து வந்தது. என்.டி.ஆர் படம் இங்கே எம்.ஜி.ஆர் படமாக வந்தால் யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் கவலை இல்லை. இப்போது அசல் படம் டப்பிங்கோடு கைப்பேசியில் கிடக்கிறது. மலையாள 'லூசிஃபர்' தெலுங்கு டப்பிங்கில் ஏற்கெனவே வந்திருந்தது, அதன்பிறகும் 2022-இல் அதைத் தெலுங்கில் 'காட்ஃபாதர்' என்று எடுத்தார்கள். 'கைதி'யை 2023-இல் இந்தியில் 'போலா' ஆக்கினார்கள், 'தெறி'யை 2024 கடைசியில் 'பேபி ஜான்' ஆக்கினார்கள். இரண்டின் அசலும் இந்தி டப்பிங்கில் வடக்கே பலர் பார்த்து முடித்தவை. 'பேபி ஜான்' விழுந்த விழு ஊரறியும்.

அதே 2024-இல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' மலையாளத்திலேயே தமிழ்நாடு முழுக்க ஓடியது, யாரும் டப்பிங்கூடக் கேட்கவில்லை. தோவாளை அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது, அம்மாக்கள் விஷயம் உண்மைதான். ஆனால் அதற்கு நல்ல டப்பிங் போதும். ஒரு படத்தைப் புதிதாக எடுக்கிற செலவில் எத்தனை படத்துக்கு நல்ல எழுத்தாளரை வைத்து டப்பிங் வசனம் எழுதலாம்! இன்றைக்கு டப்பிங்கில் வருகிற தமிழை யாரும் வீட்டில் பேசுவதில்லை, அதைத் திருத்துவதற்குச் செலவு செய்ய மாட்டார்கள்.

குளச்சல் கப்பல்காரன்:

இது நம் ஊர் நோய் மட்டும் இல்லை மக்கா. கப்பலில் எங்களுக்கு ஆங்கிலப் படம்தான் பொழுதுபோக்கு. அங்கே பழைய டிவி தொடர்களைத் தோண்டி எடுத்துப் படம் ஆக்குவது வெகுகாலமாக நடக்கிறது. 'பேவாட்ச்' தொடர் 1989-இல் தொடங்கியது, 2017-இல் படமாக்கினார்கள், பாதியில் எழுந்து போய்த் தூங்கினேன். 'சார்லிஸ் ஏஞ்சல்ஸ்' எழுபதுகளின் தொடர், 2000-இல் ஒரு தடவை, 2019-இல் மறுபடியும். யார் கேட்டார்கள் என்றே புரியவில்லை.

ஆனால் 'தி ஃப்யூஜிட்டிவ்' 1963-இல் தொடங்கிய தொடர், 1993-இல் ஹாரிசன் ஃபோர்டு நடித்த படம் வந்தது. தொடர் வருடக்கணக்கில் இழுத்ததை இரண்டு மணிநேரத்தில் மூச்சுவிடாமல் சொன்னது. அது நியாயமான படம். 'மிஷன் இம்பாசிபிள்' 1996-இல் வந்தபோது பழைய தொடரின் தலைவனையே வில்லன் ஆக்கினார்கள், பழைய ரசிகர்களுக்கு அது பெரிய காயம். எனக்கு அதில் மரியாதைக் குறைவு தெரியவில்லை, துணிச்சல்தான் தெரிந்தது. ஒன்றைத் தொட்டால் அதில் ஏதாவது செய்யுங்கள். 'சக்திமான்' பெரிய படமாக வரும் என்று 2022-இல் அறிவித்தார்கள். அந்தத் தொடரின் கிராஃபிக்ஸ் இன்று பார்த்தால் சாதாரணம், ஆனால் பள்ளி விட்டு ஓடிவந்து பார்த்த பிள்ளைகளுக்கு அதில் கிடைத்தது வேறு. அதைக் காசு போட்டுக் கொண்டுவர முடியாது.

குழித்துறை வாசகன்:

எல்லாரும் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, சந்தோஷம். தோவாளை அக்கா, 'பாபநாசம்' விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான், அது தனிப் படமாகவே நிற்கிறது. ஒரு திருத்தம் மட்டும்: அதைச் சாக்காக வைத்து வெளியூர்க்காரர்கள் நெல்லைப் பேச்சையே குமரிப் பேச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கல்குளத்துக்காரன் பேசுவதும் பாளையங்கோட்டைக்காரன் பேசுவதும் ஒன்றா?

சீரியல் பற்றி யாரும் பேசவில்லையே. நம் வீடுகளில் விஜய்யும் ஏசியாநெட்டும் மாறி மாறி ஓடும். 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' அங்கே 'சாந்த்வனம்' ஆனது. அங்கே ஓடிய 'கறுத்தமுத்து' இங்கே 'பாரதி கண்ணம்மா' ஆனது. ஒரே கண்ணீரை இரண்டு மொழியில் பார்க்கிற வீடுகள் நம்முடையவை. இதில் எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. 'விடாது கருப்பு' மாதிரி ஒரு தொடரைத் தொண்ணூறுகளில் இந்திரா சௌந்தர்ராஜன் எழுத, நாகா எடுத்தார். அப்போது முன்மாதிரி எதுவும் இல்லாமல் துணிந்து செய்தார்கள். அந்தத் துணிவைத் திரும்ப எடுங்கள், தொடரை எடுக்க வேண்டாம்.

கதை இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். 1954 ஆகஸ்ட் 11-இல் புதுக்கடையில் துப்பாக்கிச்சூடு நடந்தது, தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காக ஆட்கள் செத்தார்கள். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா தோற்கடித்தார். தேங்காய்ப்பட்டணத்துத் தோப்பில் முகமது மீரான் ஒரு கடலோரக் கிராமத்தையே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். 2017 நவம்பர் 30 ஓகி புயலில் கடலில் இருந்தவர்களின் கதை இருக்கிறது. இதில் ஒன்றுக்காவது உரிமை வாங்க வந்தார்கள் என்று செய்தி வரட்டும், முதல் நாள் முதல் காட்சிக்கு நான் நிற்பேன்.

தூத்தூர் அலை:

ஓகி பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். எங்கள் ஊரிலும் வள்ளவிளை, சின்னத்துறையிலும் கரைக்கு வராத ஆட்களின் வீடுகள் இருக்கின்றன. யாராவது எடுக்க வந்தால் கரையில் நிற்கிற பெண்களை மட்டும் காட்டிவிட்டுப் போகக் கூடாது. ஆழ்கடலில் சுறாவுக்குப் போகிறவனின் படகுக்குள் என்ன நடக்கும், ஒயர்லெஸ்ஸில் என்ன பேசுவான், ஐஸ் தீர்ந்தால் என்ன முடிவு எடுப்பான், இதையெல்லாம் தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். சொல்லிக்கொடுக்க இங்கே ஆள் இருக்கிறது. எங்கள் பேச்சு தமிழா மலையாளமா என்று கேட்டு மாற்றச் சொல்லாமல் அப்படியே விட்டால் போதும்.