கல்லாவில் 140 பவுண்டு குறைகிறது, நாளை விசாரணைக்கு வரச் சொல்கிறார்கள். போகலாமா?

புதுவரவு: வணக்கம். பிரிட்டனுக்கு வந்து 4 மாதம்தான் ஆகிறது. படித்துக்கொண்டே பெட்ரோல் பங்கில் கல்லாவில் நிற்கிறேன். வெள்ளி இரவுக் கணக்கில் 140 பவுண்டு குறைகிறதாம். நான் எடுக்கவில்லை. நாளை காலை 10 மணிக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்கிறார். விசா போய்விடுமா? வீட்டில் இன்னும் சொல்லவில்லை, கை நடுங்குகிறது.

ஹாரோ அண்ணன்: தம்பி, ஒரு வார்த்தை பேசாதே. நான் 2009இல் வந்த புதிதில் பெட்ரோல் ஷெட்டில்தான் (பங்கில்தான்) இரவு வேலை, கதவைப் பூட்டிவிட்டு ஜன்னல் வழியாகக் காசு வாங்குவோம், விரல் விறைத்து நோட்டைப் பிரிக்கவே வராது. ஒருநாள் கணக்கு இடித்தது. முதலாளி கேட்டதற்கெல்லாம் பயத்தில் தலையாட்டினேன், அதையே ஒப்புக்கொண்டதாக எழுதிவிட்டார்கள்.

கவென்ட்ரி அக்கா: அண்ணா சொல்வது போலீஸ் கூப்பிட்டால் பொருந்தும். அங்கே இலவசமாக வக்கீல் கேட்கலாம், அவர் வரும்வரை பேசாமல் இருக்கலாம். முதலாளி கூப்பிட்டுப் போகாவிட்டால் உன் பக்கத்தைக் கேட்காமலே முடிவெடுத்துவிடுவார்கள். போ, உண்மையைச் சொல்.

லூட்டன்வாசி: நம்மாள் கடையா? அப்படியென்றால் இன்னும் மோசம். எனக்கு 3 மாதம் பேஸ்லிப்பே தரவில்லை.

ஹாரோ அண்ணன்: அதைச் சொல்லுங்கள். ஒரு அறையில் 4 பேர் படுத்து அந்தச் சம்பளத்தில் வாடகை கட்டினோம்.

கவென்ட்ரி அக்கா: தம்பி நாளை போகவேண்டும், அதைப் பார்ப்போம். விசாரணைக் கூட்டத்தில் துணைக்கு ஆள் வைத்துக்கொள்ளச் சட்ட உரிமை இல்லை, ஆனாலும் கேள், சிலர் விடுவார்கள். அடுத்து ஒழுங்கு நடவடிக்கைக் கூட்டம் என்று வந்தால் சக ஊழியரையோ யூனியன்காரரையோ கூட்டிப்போவது உன் உரிமை. தெரியாததைத் 'தெரியாது' என்றே சொல், ஊகிக்காதே, வேறு யார்மேலும் கை காட்டாதே. அன்று அந்தக் கல்லாவில் யார் யார் நின்றார்கள், யார் எண்ணினார்கள், கேமரா பதிவு இருக்கிறதா என்று நீயும் கேள். வெளியே வந்ததும் நடந்ததை எல்லாம் உனக்கே மின்னஞ்சல் அனுப்பி வை, தேதி நிற்கும். மாணவர் விசா இந்த வேலையை நம்பி இல்லை, வேலை போனால் விசா போகாது. ஆனால் படிப்பு நடக்கும்போது வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினாயா? அதைச் சொல்லவில்லையே.

புதுவரவு: தாண்டவில்லை அக்கா. ஆனால் ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். சனிக்கிழமையே ஒரு தாளில் கையெழுத்து வாங்கினார்கள், 140ஐயும் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்று.

கவென்ட்ரி அக்கா: இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும்! சரி, பயப்படாதே. காசு குறைந்த பிறகு வாங்கிய கையெழுத்தைக் காட்டி அந்தக் காசைச் சம்பளத்தில் பிடிக்கச் சட்டம் விடாது. வேலைக்குச் சேரும்போது ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருந்தாலும், கல்லாவில் நிற்பவரிடம் ஒரு சம்பளத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் பிடிக்கக்கூடாது, கடைசிச் சம்பளத்துக்குத்தான் அந்த வரம்பு கிடையாது. நாளை அந்தத் தாளின் நகலைக் கேள். வேலைத் தகராறுகளுக்கு அறிவுரை சொல்லும் அமைப்பான ஏகாஸுக்கு (Acas) காலை 8 மணிக்கே ஃபோன் போடு, 0300 123 1100, அறிவுரைக்குக் காசு இல்லை. புதிதாக எந்தத் தாள் நீட்டினாலும் 'வீட்டில் படித்துவிட்டுத் தருகிறேன்' என்று சொல். 10 மணிக்கு முன் சாப்பிட்டுவிட்டுப் போ, முடிந்ததும் இங்கே வந்து எழுது.