வளைவில் வெளியே ஓடும் மூக்கு: குறை காரிலா, காலிலா?

அல்சூர் ஏரிக்கரை
வெள்ளி, இரவு 11.40

ஃபோர்ஸா ஹொரைசான் 5 என்ற கார் பந்தய வீடியோ விளையாட்டில் ஆடி ஆர்எஸ்6 அவான்ட் காரை 900 குதிரைத்திறனுக்கு மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். நேர்ச்சாலையில் அதைத் துரத்திப் பிடிக்க ஆளில்லை. வளைவு வந்தால்தான் வம்பு. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பினாலும் கார் தன் போக்கில் நேராகப் போய் வேலியில் உரசுகிறது. போன வாரம் இங்கே இதைச் சொன்னபோது, "முதலில் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று மூன்று பேர் பதில் எழுதினார்கள். அந்த மூவருக்கும் இன்று கணக்கோடு வந்திருக்கிறேன்.

வளைவில் கார் சாய்வதைத் தடுக்கும் கம்பிதான் ஆன்டி-ரோல் பார்; முன்பக்கத்தில் அதன் விறைப்பை 34-இலிருந்து 16-க்குக் குறைத்தேன். பின்பக்கத்தை 30-இலிருந்து 42-க்கு ஏற்றினேன். எஞ்சின் சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பங்கிடும் மத்திய டிஃபரன்ஷியலில் பின்சக்கரங்களின் பங்கை 55 சதவீதத்திலிருந்து 72 ஆக்கினேன். வேகமெடுக்கும்போது இரு முன்சக்கரங்களையும் ஒன்றாகச் சுழல வைக்கும் முன் டிஃபரன்ஷியலின் முடுக்கப் பூட்டை 60-இலிருந்து 20-க்கு இறக்கினேன். நான் வழக்கமாகச் சோதிக்கும் பாதையில் ஒரு நிமிடம் 14 வினாடி எடுத்த கார் இப்போது ஒரு நிமிடம் 12 வினாடியில் முடிக்கிறது. ஓட்டியது அதே கைகள், அதே கால்கள். சக்தி மிகுந்த காரின் அண்டர்ஸ்டியர், அதாவது திருப்பியும் காரின் மூக்கு வளைவுக்கு வெளியே ஓடுவது, அமைப்பில் உள்ள குறைதான். புதிதாக வருகிறவர்களுக்கு இப்படி எண்களை மாற்றும் டியூனிங்கைச் சொல்லிக்கொடுங்கள், அறிவுரை வேண்டாம்.

ஸ்ரீராமபுரம் ஸ்டியரிங்
சனி, காலை 7.15

அந்த மூவரில் நானும் ஒருவன் தம்பி. சொன்னதை இப்போதும் சொல்கிறேன்.

மூக்கு வெளியே ஓடுகிறது என்கிறீர்கள். வளைவின் எந்த இடத்தில் ஓடுகிறது? பிரேக் பிடித்து நுழையும்போதா, நடுவிலா, வேகமெடுத்து வெளியேறும்போதா? இதைச் சொல்லாமல் நான்கு எண்களை மாற்றினால், எந்த மாற்றம் எதைத் தீர்த்தது என்று உங்களுக்கே தெரியாது.

நீங்கள் பகிர்ந்த ஓட்டப் பதிவை இரண்டு முறை பார்த்தேன். வளைவுக்கு முன்பே பிரேக்கை முழுவதுமாக விட்டுவிடுகிறீர்கள். அந்த நொடியே முன்பக்கத்தில் குவிந்திருந்த பாரம் பின்னால் போய்விடுகிறது. முன் டயர்கள் இலேசாக இருக்கும் அந்த நேரம் பார்த்துத் திருப்புகிறீர்கள். கார் கேட்கவில்லை என்றதும் இன்னும் திருப்புகிறீர்கள், போதாக்குறைக்கு ஆக்ஸிலரேட்டரையும் மிதிக்கிறீர்கள். டயர் ஓர் அளவுக்கு மேல் சறுக்கிய பிறகு கூடுதலாகத் திருப்பினால் பிடி குறையத்தான் செய்யும். பிரேக்கை ஒரேயடியாக விடாமல், வளைவின் நடுவரை கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே போங்கள்.

நான் சாப்பாட்டு மேசையில் ஸ்டியரிங்கைப் பூட்டி ஆடுகிறவன். முன் டயர் பிடியை விடும் நேரத்தில் ஸ்டியரிங் கையில் திடீரென்று கனமிழக்கிறது. கிணற்றில் வாளி அறுந்துபோன கயிறுபோல. அப்போது செய்ய வேண்டியது ஸ்டியரிங்கைச் சற்று நேராக்குவது, காலைச் சற்றுத் தளர்த்துவது. ஏற்காட்டுக்கு ஏறும் 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில், மழையில், முன்சக்கர இயக்கம் கொண்ட வாடகைக் காரில் இதைக் கற்றேன். வளைவின் நடுவில் அவசரப்பட்டு மிதித்தேன், மூக்கு கைப்பிடிச் சுவரை நோக்கிப் போனது. காலை அரை அங்குலம் தளர்த்தினேன், திரும்பி வந்தது. அந்தக் காரில் ஆன்டி-ரோல் பாரை மாற்ற எனக்கு வசதியில்லை.

பீன்யா பட்டறை
சனி, காலை 10.05

பீன்யாவில் சஸ்பென்ஷன் பாகங்கள் செய்யும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். அதனால் இதைப் படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. ஸ்ரீராமபுரம் அண்ணன் சொன்ன பார நகர்வு உண்மை. ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிக் கதைதான்.

ஒரு டயர்மீது பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடி இரட்டிப்பாவதில்லை. அதற்குக் குறைவாகவே கூடுகிறது. முன் டயர்கள் இரண்டும் ஆளுக்கு 500 கிலோ தாங்கினால் கிடைக்கும் மொத்தப் பிடி, வளைவில் ஒன்று 750-உம் மற்றது 250-உம் தாங்கும்போது கிடைக்காது. முன் ஆன்டி-ரோல் பார் விறைப்பாக இருந்தால், கார் சாய்வதைத் தடுக்கும் வேலையில் பெரும்பங்கை முன் அச்சே ஏற்கிறது. வெளிப்பக்க முன் டயர் நசுங்குகிறது, உள்பக்க டயர் சும்மா வருகிறது. அல்சூர் தம்பி 34-ஐ 16 ஆக்கியதில் கிடைத்தது இந்தச் சமநிலைதான். எந்தக் காலாலும் இதைச் செய்ய முடியாது.

இன்னொன்று. ஆர்எஸ்6-இன் எஞ்சின் முன் அச்சுக்கு முன்னால் தொங்குகிறது. காரின் எடை இரண்டு டன்னைத் தாண்டும். நான்கு சக்கர இயக்கம் என்பதால் முன் டயர்கள் திருப்பவும் வேண்டும், இழுக்கவும் வேண்டும். ஒரே சம்பளத்தில் பெங்களூரு வாடகையும் கட்டி ஊருக்கும் பணம் அனுப்புவது போன்ற நிலைமை அது. பின்சக்கரங்களுக்கு 72 சதவீதம் கொடுத்ததும் முன் டயர்களுக்குத் திரும்புவதற்கென்று கொஞ்சம் மிஞ்சுகிறது. முன் டிஃபரன்ஷியல் இறுக்கமாக இருந்தால் இரண்டு முன்சக்கரங்களும் ஒரே வேகத்தில் சுழலப் பார்க்கும். வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் போக வேண்டும் அல்லவா? அதனால் கார் நேராகவே போக அடம்பிடிக்கும். தம்பி அதைத் தளர்த்தியதும் சரியே.

ஆனால் தம்பி, பின் பாரை 42-க்கு ஏற்றியதில் எனக்கு உடன்பாடில்லை. அது முன்பக்கத்துக்குக் கொஞ்சம் பிடி கொடுத்தாலும், பின்பக்கத்திடமிருந்து பிடுங்குகிறது. சமநிலை வந்ததுபோல் தோன்றும், மொத்தப் பிடி குறைந்திருக்கலாம். மேடுபள்ளமான சாலையில் ஒரு சக்கரம் குதித்தால் மற்றதும் சேர்ந்து குதிக்கும். முதலில் முன்னால் தளர்த்திப் பாருங்கள். அது போதவில்லை என்றால் மட்டும் பின்னால் கை வையுங்கள்.

இரவுப்பணி எலக்ட்ரானிக் சிட்டி
சனி, பிற்பகல் 2.30

நான் அல்சூர் அண்ணன் பக்கம். எங்கள் அறையில் நான்கு பேர், நால்வரும் ஸ்டியரிங் இல்லாமல், கையில் பிடிக்கும் பொத்தான் கண்ட்ரோலரில்தான் ஆடுகிறோம். ஸ்டியரிங் கனமிழப்பதை நாங்கள் எங்கே உணர்வது? பிரேக்குக்கு இருப்பது விரல் நுனி நகரும் தூரம் மட்டுமே. அதில் பாதி அழுத்தத்தை வளைவின் நடுவரை மெல்ல மெல்ல விட்டுக்கொண்டே போகச் சொன்னால், அதிகாலை மூன்று மணிக்குப் பணி முடித்து வந்தவனுக்கு அது கைகூடாது. டியூனிங்தான் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் காரை ஓட்டத் தந்தது. காற்றைக்கொண்டு காரின் முன்பக்கத்தைக் கீழே அழுத்தும் முன் ஸ்பாய்லரையும் முழு அழுத்தத்துக்கு ஏற்றிவிட்டேன். வேகமான வளைவுகளில் ஆணி அடித்ததுபோல் நிற்கிறது. கொண்டை ஊசியில் மட்டும் பலனில்லை.

பீன்யா பட்டறை
சனி, பிற்பகல் 2.50

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடும் தம்பி. 200 கிலோமீட்டர் வேகத்தில் கிடைப்பதில் கால்பங்குதான் 100-இல் கிடைக்கும். கொண்டை ஊசியில் அதற்கும் கீழே.

ஸ்ரீராமபுரம் ஸ்டியரிங்
சனி, இரவு 9.20

பாரைப் பற்றித் தங்கை சொன்னதை ஏற்கிறேன். ஆனால் ஒருவரும் கேட்காத கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. 900 குதிரைத்திறன் ஏற்றிய அல்சூர் தம்பி, முன் டயரின் அகலத்தைக் கூட்டினீர்களா? டயரின் ரகத்தை மாற்றினீர்களா? எடையைக் குறைத்தீர்களா?

விளையாட்டு ஒவ்வொரு காருக்கும் திறன் புள்ளி கொடுத்து வகுப்பு பிரிக்கிறது; எஸ்1 வகுப்பின் உச்சவரம்பு 900 புள்ளி. அதை எதில் செலவிடுகிறோம் என்பதில்தான் காரின் குணம் முடிவாகிறது. எல்லாவற்றையும் எஞ்சினில் கொட்டிவிட்டு, மிச்சத்தை டியூனிங் பார்த்துக்கொள்ளும் என்று இருப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். டியூனிங் பிடியை உண்டாக்குவதில்லை. இருக்கும் பிடியை நான்கு டயர்களுக்கும் பங்கிட்டுக் கொடுக்கிறது. பானையில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

அல்சூர் ஏரிக்கரை
சனி, இரவு 10.45

மாற்றவில்லை. டயர் ரகம் மட்டும் ஒரு படி ஏற்றினேன், அகலம் தொழிற்சாலையிலிருந்து வந்ததுதான். எடையில் கை வைக்கவே இல்லை. அதை ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் அண்ணா, நீங்கள் இப்போது பேசுவதும் காரின் அமைப்பைப் பற்றித்தான், காலைப் பற்றி அல்ல. நிசான் 2007-இல் ஆர்35 ஜிடி-ஆரைக் கொண்டுவந்தபோது, எஞ்சினை முன்னால் வைத்து கியர்பெட்டியைப் பின் அச்சோடு சேர்த்து வைத்தார்கள். முன்பக்கத்தில் எடை குவியக் கூடாது என்பதற்காக ஒரு நிறுவனம் அவ்வளவு மெனக்கெட்டது. ஓட்டுநர் பார்த்துக்கொள்வார் என்று அவர்கள் விட்டுவிடவில்லை.

நாளைக் காலை ஒரே காரை மூன்று விதமாக ஓட்டிப் பார்க்கிறேன். எந்த முடிவு வந்தாலும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அல்சூர் ஏரிக்கரை
ஞாயிறு, நண்பகல் 12.10

ஒவ்வொரு விதத்திலும் பத்துச் சுற்று ஓட்டினேன். சிறந்த சுற்றை மட்டும் எழுதுகிறேன்.

பழைய அமைப்பு, ஆனால் அண்ணன் சொன்னபடி பிரேக்கை வளைவுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டேன்: 1 நிமிடம் 12.9 வினாடி. காலை மாற்றியதற்கே ஒரு வினாடிக்கு மேல் கிடைத்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. நுழையும்போது மூக்கு ஓடியது முற்றிலும் என் தவறு.

ஆனால் வெளியேறும்போது ஓடியது அப்படியே இருந்தது. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும், பாதியைத் தாண்டியதும் முன் டயர்கள் கீச்சிட்டன. மத்தியப் பங்கீட்டையும் முன் டிஃபரன்ஷியலையும் மாற்றி, முன் பாரை 16-இல் வைத்து, பின் பாரைப் பழைய 30-க்கே இறக்கினேன்: 1 நிமிடம் 11.2 வினாடி. 42-ஐவிட 30 நன்றாக இருக்கிறது அக்கா. மேட்டில் ஏறி இறங்கும்போது பின்பக்கம் இனி உதறுவதில்லை.

கடைசியாக எஞ்சினில் 120 குதிரைத்திறனைக் கழற்றி, அந்தப் புள்ளிகளில் முன் டயரை அகலப்படுத்தி எடையைக் குறைத்தேன்: 1 நிமிடம் 10.3 வினாடி. நேர்ச்சாலையில் மெதுவான கார்தான் சுற்றில் வேகமான கார்.

இருந்தாலும் என் வாதத்தை விடவில்லை. இந்த மூன்றில் இரண்டு, காரில் செய்த மாற்றம்.

ஸ்ரீராமபுரம் ஸ்டியரிங்
ஞாயிறு, மதியம் 1.05

மூன்றில் முதலாவது கால், அதை மறக்க வேண்டாம். 10.3 வந்த சுற்றிலும் அதே கால்தான் ஓட்டியிருக்கிறது. பழையபடி பிரேக்கை முன்னாலேயே விட்டு அதே காரை ஒரு முறை ஓட்டுங்கள், பிறகு பேசுவோம்.

சாயங்காலம் வீட்டில்தான் இருப்பேன். இரண்டாம் மாடி. அந்த அமைப்பை எனக்குப் பகிர்ந்துவிட்டு நேரில் வாருங்கள். மேசையில் ஸ்டியரிங்கைப் பூட்டி வைக்கிறேன். முன் டயர் விடும் நேரத்தில் அது எப்படிக் கனமிழக்கிறது என்பதை உங்கள் கையாலேயே பார்க்கலாம். இரவுப்பணித் தம்பி தூங்கி எழுந்திருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.